கண்டதெல்லாம் மஞ்சள்!

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இரண்டு நாளாகச் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது. சிறுநீர் கடுமஞ்சளாகப் போகிறது. மூன்றாம் நாள் காலையில் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தால் கண்ணின் வெள்ளை விழியும் மஞ்சள். என்ன செய்வீர்கள்?

"இதுல யோசிக்க என்ன இருக்கு டாக்டர்? காமாலை! கீழாநெல்லியைப் பறிச்சு அரைச்சு, மோர்ல கலந்து, வெறும் வயித்துல மூணு நாள் குடுத்தா சரியாப் போயிடும்" என்று சட்டென்று சொல்வீர்கள். சொல்வதற்கு இரண்டு விநாடிகூட ஆகாது.

அந்த இரண்டு விநாடியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கீழாநெல்லியைக் குறை சொல்லப்போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து வந்தவன். அந்த மூலிகை மேல் உங்களைவிட எனக்கு மதிப்பு அதிகம். என் கேள்வி வேறு. அந்த முடிவை எடுத்தது யார்? நீங்களா? அல்லது பக்கத்து வீட்டு மாமி, போன வருஷம் காமாலை வந்து குணமான சித்தப்பா பையன், எப்போதோ காதில் விழுந்த ஒரு பேச்சு... இவர்கள் எல்லாம் சேர்ந்து உங்களுக்கே தெரியாமல் எடுத்து வைத்த முடிவா?

இரண்டு வேக மனசு

நம் மனசுக்கு இரண்டு வேகம் உண்டு. அடுப்பில் பால் பொங்கி வரும்போது யோசித்துக்கொண்டா நிற்கிறீர்கள்? கை தானாகப் போய் அடுப்பை அணைக்கிறது. தெருவில் பஸ் ஹாரன் அடித்தால் கால் தானாகப் பின்னால் வருகிறது. இது வேக மனசு. இது இல்லாவிட்டால் ஒரு நாள்கூட நாம் தாக்குப்பிடிக்க முடியாது. இன்னொன்று நிதான மனசு. வருமான வரிக் கணக்குப் போடும்போது வேலை செய்கிறதே, அது. சரியான சோம்பேறி! கூப்பிட்டால்தான் எழுந்து வரும். பல சமயம் வேக மனசு எடுத்து முடித்துவிட்ட முடிவுக்கு, அப்புறமாகக் காரணம் தேடிக் கொடுப்பதில்தான் அதற்குச் சமர்த்து அதிகம்.

இந்த விஷயத்தைத் துருவித் துருவி ஆராய்ந்தவர்கள் டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள். 1974-ல் அவர்கள் வெளியிட்ட ஒரு சோதனை வேடிக்கையானது. ஒரு சக்கரத்தைச் சுழற்றினார்கள். அது 10 அல்லது 65 என்ற இரண்டு எண்களில் ஒன்றில்தான் நிற்கும்படி முன்பே ஏற்பாடு. சக்கரம் நின்றதும் எதிரே இருப்பவரிடம், "ஐக்கிய நாடுகள் சபையில் இருக்கும் நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம்?" என்று கேட்டார்கள். சக்கரத்தில் 10-ஐப் பார்த்தவர்கள் சொன்னது நடுவாந்தரமாக 25 சதவீதம். 65-ஐப் பார்த்தவர்கள் சொன்னது 45 சதவீதம்!

சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமே இல்லை. ஆனால் முதலில் கண்ணில் பட்ட எண், முளைக்குச்சி மாட்டைக் கட்டிப்போடுவது மாதிரி மனசைக் கட்டிப்போட்டுவிட்டது. அதைச் சுற்றிச் சுற்றித்தான் மேய முடிந்தது. (இந்த வகை ஆராய்ச்சிக்காக 2002-ல் கானமனுக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ட்வெர்ஸ்கி 1996-லேயே காலமாகிவிட்டார்.)

நம் வீட்டில் அப்படிச் சக்கரம் எதுவும் கிடையாது. ஆனால் முதலில் வாயைத் திறந்தவர் சொன்ன வார்த்தை உண்டு. ஐம்பது வயசுக்காரர் ராத்திரி சாப்பிட்டு எழுந்ததும் நெஞ்சை அடைக்கிறது என்கிறார். "கேஸ் டிரபிளா இருக்கும்" என்று யாரோ ஒருவர் சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான்! அதற்குப் பிறகு அவருக்கு வேர்த்துக் கொட்டினாலும் "புழுக்கம்", இடது தோள் வலித்தாலும் "வாய்வு அங்கே ஏறியிருக்கு". ஓமத் தண்ணீர், பெருங்காயம், சோடா என்று ஒன்றன் பின் ஒன்றாக வருகிறது. முதலிலேயே ஒருவர் "ஹார்ட்டா இருக்குமோ?" என்று சொல்லியிருந்தால், இதே வேர்வையும் இதே தோள்வலியும் ஆட்டோ பிடிக்க வைத்திருக்கும்! இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய் அடைபட்டால் ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் இதயத் தசை செத்துக்கொண்டே போகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் பெரிய வலியே இல்லாமல்கூட மாரடைப்பு வரலாம். ஆகவே நெஞ்சில் புதிதாக ஓர் அடைப்பு, கூடவே வேர்வை அல்லது மூச்சுத் திணறல் என்றால், அது வாய்வா இல்லையா என்று வீட்டில் பட்டிமன்றம் வேண்டாம். 108-க்கு போன் செய்யுங்கள். வாய்வுதான் என்பதை இ.சி.ஜி. சொல்லட்டும்.

காக்கை உட்கார...

காமாலைக்கு வருவோம்.

நம் பக்கத்தில் குழந்தைகளுக்கும் இளவயசுக்காரர்களுக்கும் வரும் காமாலையில் பெரும்பகுதி, கெட்டுப்போன தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ்-ஏ என்ற வைரஸால் வருவது. இந்த வைரஸை ஒழிக்கத் தனியாக மருந்து எந்த மருத்துவ முறையிலும் நிரூபிக்கப்படவில்லை. அதற்குத் தேவையும் அநேகமாக இல்லை. ஓய்வு எடுத்துக்கொண்டால் சில வாரங்களில் உடம்பே வைரஸை விரட்டிவிடுகிறது. மஞ்சள் உச்சத்துக்குப் போகும், அப்புறம் தானாக இறங்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நாம் எப்போது மருந்தைத் தேடி ஓடுகிறோம்? மஞ்சள் நன்றாகத் தெரிந்து, வீடே பயந்துபோன பிறகுதான். அதாவது உச்சத்துக்குப் பக்கத்தில்! அந்தச் சமயத்தில் நீங்கள் கீழாநெல்லி கொடுத்தாலும் சரி, ஊசியும் கிண்ணத் தண்ணீரும் வைத்து மந்திரித்தாலும் சரி, கையில் சூடு போட்டாலும் சரி (பாவம், அந்தப் பிள்ளைக்கு அது வேறு புண்!), ஒன்றுமே செய்யாமல் கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்தாலும் சரி, அடுத்து நடக்கப்போவது இறக்கம்தான். ஆனால் மந்திரித்தவர் வீட்டில் மந்திரம் ஜெயித்ததாகப் பேச்சு. சூடு போட்டவர் வீட்டில் சூடு ஜெயித்ததாகப் பேச்சு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

"அதனால என்ன டாக்டர்? தானா குணமாகிறதுக்கு எதையோ குடுத்தோம், போச்சு. நஷ்டம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்பீர்கள்.

நஷ்டம் எங்கே வருகிறது என்றால், கண் மஞ்சளாவது ஒரு நோய் அல்ல. அது ஓர் அடையாளம். பித்தக்கல் குழாயை அடைத்தாலும் மஞ்சள். எலிக்காய்ச்சலிலும் மஞ்சள். வருஷக்கணக்கில் குடித்து ஈரல் சுருங்கினாலும் மஞ்சள். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி வந்து பித்தக்குழாயை அழுத்தினாலும் முதலில் தெரிவது இதே மஞ்சள்தான். அறுபது வயசுக்காரருக்கு வலியே இல்லாமல் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளிறிச் சுண்ணாம்பு மாதிரி போகிறது என்றால், அவருக்கு அன்றைக்கே ஸ்கேன் பார்க்க வேண்டும். சித்தப்பா பையனுக்குக் குணமான கதையை நம்பி அவரை இரண்டு மாசம் உப்பில்லாப் பத்தியத்தில் வைத்திருந்தால், ஆபரேஷன் செய்ய முடிந்த கட்டி முடியாத கட்டியாகிவிடலாம். கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஹெபடைடிஸ்-இ வைரஸ் மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சாதாரணமாக வந்து போகும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் ஐந்தில் ஒரு தாயைக்கூடப் பறித்துவிடும் கொடுமை அதற்கு உண்டு.

காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். நம் வீடுகளிலோ மஞ்சளாகக் கண்டதெல்லாம் ஒரே காமாலை!

சித்த மருத்துவம் இப்படிச் சொல்லவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டையும் பார்த்துவிட்டு மருந்தைத் தொடு என்றுதான் எங்களுக்குப் பாடம். 'எண்வகைத் தேர்வு' என்று அதற்குப் பெயர். அதில் கண்ணின் நிறம் எட்டில் ஒரு பகுதி. மலத்தின் நிறத்தையும் மூத்திரத்தின் நிறத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்களே, எதற்கு? ஒரே மஞ்சளுக்குள் வேறு வேறு நோய் ஒளிந்திருக்கும் என்று தெரிந்துதான். அந்த எட்டோடு இன்றைக்குப் பிலிரூபின் அளவு, ஈரல் என்சைம்கள், தேவைப்பட்டால் ஸ்கேன் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்வதில் எந்தச் சித்த மருத்துவனுக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

கீழாநெல்லி எழுதிய பரீட்சை

கீழாநெல்லியை யாராவது முறைப்படி சோதித்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள், அதுவும் நம் சென்னையிலேயே! 1988-ல் 'லான்செட்' என்ற பிரபல மருத்துவ இதழில் அந்த முடிவு வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் தலைமையில் நடந்த ஆராய்ச்சி. ஹெபடைடிஸ்-பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய புளும்பெர்க்கும் அதில் பங்கு கொண்டார்.

கவனியுங்கள். இது சாதாரணக் காமாலைக்கான சோதனை அல்ல. ஹெபடைடிஸ்-பி வைரஸ் ரத்தத்திலேயே தங்கிவிட்டவர்களுக்கான சோதனை. ஒரு பிரிவினருக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், மருந்தில்லாத வெறும் பொடி. எதற்கு இந்த வெறும் பொடி? காக்கைக்காகத்தான்! பனம்பழம் தானாக எத்தனை விழுகிறது என்று தெரிந்தால்தானே, காக்கையால் எத்தனை விழுந்தது என்று சொல்ல முடியும்? இந்த ஒரு யோசனைதான் வாய்வழிக் கதைக்கும் ஆதாரத்துக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம்.

முடிவு? கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது, இல்லையா?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. தாய்லாந்தில் இதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். பலன் இல்லை. நியூசிலாந்தில் செய்தார்கள். அங்கும் இல்லை. செடியின் இனம் வேறா, விளைந்த மண் வேறா, பறித்த பருவம் வேறா என்று விவாதங்கள் நடந்தன. இதுவரை நடந்த சோதனைகளை எல்லாம் சேர்த்து அலசிய 'காக்ரேன்' ஆய்வு 2011-ல் வந்தது. வெறும் பொடியைவிடக் கீழாநெல்லி வகை மருந்து இந்த வைரஸுக்கு மேலானது என்று நம்பத்தக்க சான்று இல்லை என்று அது சொன்னது.

முதல் செய்தியை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டாவது செய்தியைக் கேள்விப்பட்டதுண்டா? நமக்குப் பிடித்த செய்திக்கு மட்டும் கால் முளைத்து ஊர் ஊராக நடக்கிறது. நம் மூலிகை ஜெயித்தால் எனக்கும் சந்தோஷம்தான். அதனாலேயே தோற்ற செய்தியை நான் இரண்டு தடவை படித்தாக வேண்டும். ஹெபடைடிஸ்-பி இருப்பதாக ரிப்போர்ட் வந்தவர்கள், ஈரல் நோய் டாக்டரிடம் முறையாகக் காட்டி, ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தேவைப்படுபவர்களுக்கு வைரஸை அடக்கி வைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. வீட்டில் மற்றவர்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும். "மூலிகை சாப்பிடறேன், அது போதும்" என்று யாரும் இதை நிறுத்தக் கூடாது.

நூறு பேரும் பிழைத்தார்கள்!

இதைவிட ஆபத்தான கணக்கு ஒன்று உண்டு. நாய்க்கடி.

"எங்க ஊர்ல ஒருத்தர் நாய்க்கடிக்குப் பச்சிலை குடுக்கிறாரு டாக்டர். நூறு பேருக்குக் குடுத்திருக்காரு. ஒருத்தர்கூடச் சாகலை!" இப்படிச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. நூறு பேரும் பிழைத்திருப்பார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் பச்சிலையாலா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022-23-ல் 15 மாநிலங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தது. இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 91 லட்சம் மிருகக்கடி என்று மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி நாய்க்கடி. ராபீஸ் என்னும் வெறிநாய் நோயால் சாவு சுமார் 5,700. வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 1,600 கடிக்கு ஒரு சாவு. கடிபட்டவர்களில் பலர் தடுப்பூசி போட்டுக்கொள்வது இதற்கு ஒரு காரணம். கடிக்கும் நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வெறிநோய் இல்லை என்பது இன்னொரு காரணம். அப்படியிருக்க, நூறு பேரை வைத்து என்ன தெரியும்? பச்சிலைக்குப் பதில் பச்சைத் தண்ணீர் கொடுத்திருந்தாலும் அநேகமாக நூறு பேரும் பிழைத்திருப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கடித்து ஒன்று முதல் மூன்று மாதம் கழித்துத்தான், சில சமயம் அதற்கும் மேல்தான், ராபீஸ் வெளியே தெரியும். அந்த துரதிருஷ்டசாலி பச்சிலைக்காரரிடமா திரும்பிப் போகிறார்? பெரிய ஆஸ்பத்திரியில் தனி அறையில் கிடக்கிறார். பச்சிலைக்காரரின் கணக்கில் அந்தச் சாவு ஏறுவதே இல்லை. படித்த டாக்டர்களும் இதற்கு விதிவிலக்கல்ல. குணமானவர் தட்டில் பழம் வைத்து நன்றி சொல்ல வருகிறார். குணமாகாதவர் சத்தமில்லாமல் வேறு டாக்டரிடம் போய்விடுகிறார். என் மேஜைக்கு எதிரில் உட்காருபவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் நான் அகத்தியரேதான்!

"1,600-ல ஒண்ணுதானே, ஊசி எதுக்கு?" என்று சிலர் கேட்கக் கூடும். அங்கேதான் நிதான மனசைக் கூப்பிட வேண்டும். எத்தனைக்கு ஒன்று என்பது பாதிக் கேள்விதான். அந்த ஒன்று நமக்கு வந்தால் எதை இழப்போம் என்பது மீதிப் பாதி. ராபீஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக மரணம் நிச்சயம். சித்த மருத்துவத்திலோ, ஆங்கில மருத்துவத்திலோ பிழைக்க வைக்கும் மருந்து கிடையாது. ஆனால் கடித்த உடனே முறையாகச் சிகிச்சை எடுத்தால் தடுத்துவிடலாம். ஒரு பக்கம் நாலைந்து ஊசி, இன்னொரு பக்கம் உயிர்.

பலர் ஊசிக்குத் தயங்குவதற்குக் காரணம் தெரியுமா? "தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்களாமே!" அந்தப் பழைய வகைத் தடுப்பு மருந்து 2005-க்குள் இந்தியாவில் நிறுத்தப்பட்டுவிட்டது. இல்லாத ஊசிக்குப் பயந்து இன்றைக்கும் முடிவெடுக்கிறோம்! இப்போது கையில்தான் போடுகிறார்கள். தசையில் போட்டால் கடித்த அன்றும், பிறகு 3, 7, 14, 28-ஆம் நாட்களிலும். தோலில் போடும் முறையில் கடித்த அன்று, 3, 7, 28. அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். நாய் கடித்தால் முதல் வேலையாகக் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிஷம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்ப வேண்டாம். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். கேட்டு வாங்குங்கள். வீட்டு நாய்க்குட்டி கடித்தாலும் இதேதான்.

அதே கணக்கு, வேறு வார்த்தை

1982-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. ட்வெர்ஸ்கியும் அதில் உண்டு. நுரையீரல் புற்றுநோய்க்கு ஆபரேஷனா, கதிர் சிகிச்சையா என்று கேட்டார்கள். "ஆபரேஷன் செய்தவர்களில் 90 சதவீதம் பேர் முதல் மாதத்தில் உயிரோடு இருக்கிறார்கள்" என்று சொன்னபோது டாக்டர்களில் 84 சதவீதம் பேர் ஆபரேஷன் என்றார்கள். "முதல் மாதத்தில் 10 சதவீதம் பேர் இறக்கிறார்கள்" என்று சொன்னபோது 50 சதவீதம் பேர்தான்! 90 பிழைப்பதும் 10 இறப்பதும் ஒரே கணக்குதானே? டாக்டர்களுக்கே இந்தக் கதி!

ஆகவே அம்மாவுக்கு ஆபரேஷன் என்று யாராவது சொன்னால், "நூறு பேர்ல எத்தனை பேருக்கு நல்லா ஆகுது, எத்தனை பேருக்குச் சிக்கல் வருது, செய்யாம விட்டா நூறு பேர்ல எத்தனை பேருக்கு என்ன ஆகும்?" என்று மூன்றையும் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டரைவிட, உட்காரவைத்துச் சொல்லும் டாக்டர் மேல். "ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும்" என்ற விளம்பரத்துக்கும் இதே மருந்து. நூற்றில் 40 பேருக்கு வருவது 20 ஆனாலும் பாதிதான், 2 பேருக்கு வருவது 1 ஆனாலும் பாதிதான்.

காய்ச்சல் விட்டதும் நிம்மதியா?

டெங்கு காலத்தில் என்னிடம் வரும் தாய்மார்களுக்கு நான் தவறாமல் சொல்வது இது. காய்ச்சல் விட்டதும் "அப்பாடா!" என்று வேக மனசு படுத்துவிடும். ஆனால் டெங்குவில் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கைகால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. 2012 டெங்கு சமயத்தில் தமிழ்நாடு அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. நானும் கொடுக்கிறேன். "குடிநீர் குடிச்சாச்சு, இனி கவலையில்லை" என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதற்காக அல்ல. பப்பாளி இலைச் சாறு குடித்துத் தட்டணு ஏறியது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நோய் தெளியும் நாளில், குடிக்காதவர்களுக்கும் தட்டணு ஏறத்தான் செய்கிறது!

"இன்னும் ஒரு மண்டலம் பார்த்துடுவோம்"

ஒரு மண்டலம், 48 நாள், மருந்து சாப்பிட்டாயிற்று. முட்டி வலி அப்படியே இருக்கிறது. "இவ்வளவு பணமும் பத்தியமும் வீணாப் போகக் கூடாது. இன்னும் ஒரு மண்டலம் பார்த்துடுவோம்" என்கிறார் நோயாளி. போன பணம் போனதுதான். அடுத்த மண்டலம் அதை மீட்டுத் தராது. அவரிடம் நான் கேட்பது, "இந்த 48 நாள் அனுபவம் தெரிஞ்சு, இன்னிக்குத்தான் புதுசா ஆரம்பிக்கப்போறீங்கன்னா, இந்த மருந்தை ஆரம்பிப்பீங்களா?" பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிடுவார்.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. பால் கணக்கு எழுதும் நோட்டே போதும். எந்த மருந்தையும், என்னுடையதையும் சேர்த்துத்தான், ஆரம்பிக்கும் முன்பே அதில் எழுதி வையுங்கள். என்ன மாறும் என்று எதிர்பார்க்கிறோம்? எத்தனை நாளில்? எந்த அறிகுறி வந்தால் நிறுத்திவிட்டு வேறு டாக்டரிடம் போக வேண்டும்? "உடம்பு தேறும்" என்று எழுதாதீர்கள். "மாடிப்படி ஏற முடியும்", "ராத்திரி மூணு தடவை எழுந்திருப்பது ஒரு தடவையாகும்" என்று பார்த்தால் தெரிகிற மாதிரி எழுதுங்கள். முன்பே எழுதாவிட்டால், அப்புறம் மனசு நமக்குச் சாதகமாகவே கணக்கை மாற்றிச் சொல்லும். மருந்தைக் கொடுக்கும் டாக்டரிடமே இந்த மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது.

வீட்டில் பெண்கள் விஷயத்தில் இன்னொரு வேடிக்கையைப் பார்க்கிறேன். கணவருக்குத் தலை சுற்றினால் அன்றைக்கே பிளட் டெஸ்ட். அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயசில் மாதாமாதம் பத்து நாள் ரத்தப்போக்கு என்றால் "இந்த வயசுல அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு வருஷம். யாரும் கூடி உட்கார்ந்து அப்படி முடிவெடுக்கவில்லை. ஆனால் சும்மா இருப்பதும் ஒரு முடிவுதான். நோட்டில் அதையும் எழுதுங்கள். என்றைக்கு ஆரம்பித்தது, எத்தனை நாள், என்றைக்குள் டாக்டரைப் பார்ப்பது என்று.

"சரி டாக்டர், கடைசியா சொல்லுங்க. காமாலைக்குக் கீழாநெல்லி சாப்பிடலாமா, கூடாதா?"

முதலில் ரத்தப் பரிசோதனை. எந்தக் காமாலை என்று தெரியட்டும். கர்ப்பிணி, அறுபதைத் தாண்டியவர், மலம் வெளிறியவர், காய்ச்சல் குளிரோடு வந்தவர், வயிறு வீங்கியவர், நினைவு தடுமாறுபவர் என்றால் நேராக ஆஸ்பத்திரிதான். சாதாரணமாக வந்து போகும் வைரஸ் காமாலைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டால், பட்டம் பெற்ற சித்த மருத்துவர் சொல்லும் அளவில் சாப்பிடுங்கள், வேறு மாத்திரைகள் சாப்பிடுவதை அவரிடம் மறைக்காமல். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். பசிக்கிறபடி சாப்பிடுங்கள். உப்பை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடியும் ரத்தத்தைப் பார்த்து, முதல் ரிப்போர்ட்டையும் இரண்டாவது ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்து வாருங்கள்.